செட்டியார் மூக்கும் இரண்டு டம்ளர் தண்ணீரும்

எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியாருக்கு மூக்கு நுனியில் பெயின்ட் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு அங்கே மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அடுத்த கொலுவில் கடுகளவு செதில் உதிர்ந்திருந்தது. இப்போது சாம்பல் நிறக் காகிதக்கூழ் நன்றாகவே எட்டிப் பார்க்கிறது. அவரை யாரும் கீழே போடவில்லை. குழந்தைகள் யாரும் மூக்கைக் கிள்ளவும் இல்லை. வருடத்தில் பத்து நாள் மனைவியோடு கடையை விரித்து உட்காருகிறார், மீதி 355 நாளும் லாஃப்டில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறார். அப்படியானால் மூக்கு போனது பெட்டிக்குள்தான்.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து முடித்ததும் ஒரு பொம்மையைப் படியிலேயே படுக்க வைப்பார்கள். கொலு முடிந்தது, பொம்மைகள் தூங்கப் போகின்றன என்று அர்த்தம். மறுநாள் காலை அம்மா ஸ்டூலைத் தேட ஆரம்பித்துவிடுவாள். “இன்னிக்கே கட்டி வச்சுடணும், இல்லாட்டி தூசி அடைஞ்சுடும்.” தினசரித் தாள், பழைய வேட்டி, அந்துருண்டை, சணல் எல்லாம் தயார். சாயங்காலத்துக்குள் கூடம் காலியாகிவிடும்.

நானும் இப்படித்தான் இத்தனை வருடமும் கட்டி வந்தேன். பெட்டிக்குள் போனது தூங்கும், அடுத்த புரட்டாசியில் நாம் எழுப்பினால் எழுந்திருக்கும் என்ற நம்பிக்கைதான். மூடிய பெட்டிக்குள் எதுவும் தூங்குவதில்லை என்பதைச் செட்டியார் மூக்கைப் பார்த்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

முதல் சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. பொம்மைகளைக் கட்டும் நாள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வந்து விழும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி என்று வானிலைத் துறை வைத்திருப்பது அக்டோபர் 20. சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அதற்கடுத்த இரண்டரை மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. காயப்போட்ட துண்டு மறுநாளும் ஈரம் விடாத, அப்பளம் திறந்த கையோடு நமுத்துப்போகிற காலத்தின் வாசலில் நின்றுகொண்டு ஒரு வருடத்துக்கான பெட்டியை மூடுகிறோம். பொம்மையைக் கட்ட இதைவிட மோசமான பருவத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சரி, பெட்டிக்குள் எவ்வளவு ஈரம்தான் போய்விடும்? ஒரு சின்னக் கணக்கு. எங்கள் டிரங்குப் பெட்டி சுமார் 100 லிட்டர் பிடிக்கும். வெப்பநிலை 32 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் சென்னைக்கு இது சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் நீராவி இருக்கும். 100 லிட்டருக்கு இரண்டரை கிராம். அரை டீஸ்பூன் தண்ணீர். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும்.

ஆனால் பெட்டிக்குள் காற்று மட்டும் போகவில்லை, துணியும் போகிறது. பருத்தி இழை கைக்கு எவ்வளவு உலர்ந்ததாகப் பட்டாலும் அதனுள் தண்ணீர் இருக்கிறது. நூல் வியாபாரத்தில் இதற்கென்று ஒரு கணக்கே உண்டு: முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி காற்றிலிருந்து எட்டரை கிலோ ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் என்று வைத்துத்தான் எடை போடுகிறார்கள். பட்டுக்கு 11, கம்பளிக்கு அதைவிட அதிகம், பாலியஸ்டருக்கு அரைக்கும் கீழே. மழை நாளில் பருத்தியின் ஈரம் பத்து விழுக்காட்டை எட்டிவிடும். எங்கள் பெட்டியில் கிழிந்த வேட்டியும் பாட்டியின் நூல் புடவைகளுமாக நாலு கிலோ துணி இருக்கிறது. அதில் ஒளிந்திருக்கும் தண்ணீர் சுமார் 400 கிராம், அதாவது இரண்டு டம்ளர். காற்றில் இருப்பதைப்போல 160 மடங்கு. காகிதமும் பருத்தியைப்போலச் செல்லுலோஸ்தான். சுற்றிய தினசரித் தாளும் தன் பங்குக்கு ஈரம் கொண்டுவரும். காகிதக்கூழால் ஆன செட்டியாரின் உடம்பும் அப்படியே.

யாரிடமாவது, “பொம்மைகளை மூட்டை கட்டி, நடுவில் இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பூட்டி வை” என்று சொன்னால் சிரிப்பார்கள். வருடா வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத வடிவில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

இந்தத் தண்ணீர் சும்மா இருக்காது. செல்லுலோஸ் இழை ஈரத்தை வாங்கினால் பருக்கும், விட்டால் சுருங்கும். செட்டியாரின் உடம்பு கூழ். அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சு. அதற்கும் மேல் பெயின்ட். மழைக்காலத்தில் கூழ் கொஞ்சம் பருக்கிறது. மேலே இருக்கும் பூச்சுக்கு அந்த அளவுக்கு விரியத் தெரியாது. வெயில் காலத்தில் கூழ் சுருங்குகிறது, பூச்சு அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வருடம் ஓடுகிறது. வயிறுபோல் அகன்று உருண்ட இடங்களில் இந்த இழுபறி பரவித் தணிந்துவிடும். மூக்கு, கைவிரல், கிருஷ்ணன் கையில் இருக்கும் குழல், மயில் கொண்டை போன்ற கூர்மையான இடங்களில் குவிந்து நிற்கும். உங்கள் வீட்டுப் பொம்மைகளையும் எடுத்துப் பாருங்கள், பெயின்ட் முதலில் விட்டிருப்பது பெரும்பாலும் மூக்கிலாகத்தான் இருக்கும்.

சுட்ட மண் பொம்மைக்கு இந்தத் தொல்லை குறைவு. மண் இப்படிப் பருத்துச் சுருங்காது. பாட்டிக்குக் கல்யாணத்தில் வந்த மரப்பாச்சி ஜோடிக்குத் தொல்லையே இல்லை. அடர்ந்த செம்மரம், ஈரம் உள்ளே போகவே தயங்கும். மேலே உரிவதற்குப் பூச்சும் கிடையாது. மூன்று தலைமுறை பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறார்கள் ராஜாவும் ராணியும், பட்டுத்துணி மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஈரத்தின் அடுத்த வேலை பூஞ்சணம். அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு, எந்தப் பெட்டியும் அவை இல்லாமல் மூடப்படுவதில்லை. முளைக்க அவற்றுக்குத் தேவை சாப்பாடும் ஈரமும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். 75க்கு மேல் சில வாரம் நின்றால் போதும், வெண்சாம்பல் படலம் கிளம்பும். சாப்பாட்டுக்குப் பொம்மையில் குறைவே இல்லை. கொண்டபள்ளி பொம்மைகளை இணைக்க மரத்தூளோடு குழைப்பது புளியங்கொட்டை மாவு. காகிதக்கூழ் பொம்மையிலும் மாவுப் பசை உண்டு. நமக்குத் தசாவதார செட், பூஞ்சணத்துக்குப் பந்தி.

லாஃப்டின் இடம் வேறு நிலைமையைச் சிக்கலாக்குகிறது. மாடி வீடானால் அதற்கு நேர் மேலே மொட்டைமாடித் தளம். பகலில் காங்கிரீட் காய்கிறது, பெட்டியும் காய்கிறது. சூடு ஏற ஏறத் துணி தன் ஈரத்தைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் விடும். வெளியே போக வழியில்லாத பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் அது உள்ளேயே சுற்றும். ராத்திரி சட்டென்று ஒரு மழை அடித்துத் தளம் குளிர்ந்தால் முதலில் குளிர்வது டப்பாவின் மூடி. நான் சொன்ன அதே 32 டிகிரி, 75 விழுக்காடு ஈரக் காற்று ஐந்து டிகிரி குளிர்ந்தாலே அதற்குமேல் நீராவியைப் பிடித்து வைக்க முடியாமல் துளியாக விட்டுவிடும். ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்குமே, அந்த வேலை இங்கே மூடியின் உள்பக்கத்தில் நடக்கிறது. இறுக்கமான மூடி பாதுகாப்பு என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கிய டப்பாவுக்குள் பொம்மையின் தலையில் சொட்டுச் சொட்டாக மழை. பழைய டிரங்குப் பெட்டியின் கோணல் மூடி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், கொஞ்சம் மூச்சு விடும்.

“அதுக்குத்தான் சிலிக்கா ஜெல் பாக்கெட் இருக்கே, செருப்பு டப்பாவுல வருமே, சேர்த்து வச்சிருக்கேன்” என்றாள் பக்கத்து வீட்டு மாமி. அந்த மணிகள் உண்மையிலேயே அதிசயம்தான். மணல் எதனால் ஆனதோ அதே சிலிக்காவில், உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் இருக்கும்படி செய்தது. அந்தத் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரே ஒரு கிராமுக்கு 700 சதுர மீட்டர் வரை வரும். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு. கட்டைவிரல் நகத்தில் அள்ளும் அளவு மணியில் மூன்று கிரவுண்டு இடம், அத்தனையிலும் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளலாம். இருந்தும் அதற்கும் ஓர் எல்லை உண்டு: தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தண்ணீரை ஏற்கும். 5 கிராம் பாக்கெட்டால் ஒன்றரை கிராம். என் துணியின் ஈரத்தைப் பத்திலிருந்து ஏழு விழுக்காட்டுக்கு இறக்கவே 120 கிராம் தண்ணீரை எடுத்தாக வேண்டும். எண்பது பாக்கெட்! மாமி எத்தனை ஜோடி செருப்பு வாங்கினாலும் கட்டுப்படியாகாது. அதோடு, திறந்த வெளியில் மாதக்கணக்காகக் கிடந்த பாக்கெட் ஏற்கெனவே வயிறு நிறைந்துதான் இருக்கும். சூடேற்றி உலர்த்தினால் மறுபடி பசி எடுக்கும், ஆனால் அதை யார் செய்கிறார்கள்?

பாக்கெட்டுக்குச் செலவழிக்கும் கவனத்தை இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுக்கலாம். சுற்றப்போகும் துணியை நன்றாகச் சூடாகத் தேய்த்து, ஆறிய உடனேயே பொம்மையைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் அந்த இரண்டு டம்ளரில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். கட்டிலில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போனால் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும், ஜாக்கிரதை. இப்படிக் காய்ந்து போன பருத்தி பிறகு நம் பக்கத்து ஆள். வெளியிலிருந்து கசியும் ஈரத்தைப் பொம்மைக்கு முன்னால் தான் குடித்துவிடும். ஈரமாகப் போனால் உளவாளி, காய்ந்து போனால் காவலாளி, துணி என்னவோ ஒன்றுதான்.

ஆனால் அந்த வேட்டிக்குக் கஞ்சி போட்டிருக்கக் கூடாது.

காரணம், ராமபாணம். பழைய புத்தகத்தைத் திறந்தால் வெள்ளி மீன்குஞ்சு மாதிரி சரேலென்று ஓடுமே, அந்த இறக்கையில்லாப் பூச்சி. பூச்சிகளுக்கு இறக்கை முளைப்பதற்கு முந்திய பழைய குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றப் பூச்சிகள் பெரும்பாலும் வளர்ந்து முடிந்ததும் தோல் உரிப்பதை நிறுத்திவிடும், இது ஆயுள் முழுக்க உரித்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. கிடைத்தால் மாவுச்சத்தைத் தேடித் தின்னும், காகிதத்தையும் விடாது. கஞ்சி என்பது நீரில் கரைத்த மாவுச்சத்து, வேறென்ன. கஞ்சி போட்ட மொடமொடப்பான வேட்டியால் பொம்மையைச் சுற்றுவது ராமபாணத்துக்கு முகவரி எழுதிக் கடிதம் போடுவது. ஒரே ஆறுதல், அதற்கும் ஈரக் காற்று வேண்டும். பெட்டி உலர்ந்திருந்தால் அங்கே குடித்தனம் நடத்தாது. பூஞ்சணத்துக்கும் ராமபாணத்துக்கும் ஒரே பூட்டு.

அந்துருண்டையைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தால்தான் அவளுக்கு நவராத்திரி வந்த மாதிரி. அந்துருண்டையின் நாப்தலீன் மூலக்கூறு இரண்டு அறுகோணங்கள் ஒட்டிக்கொண்ட தட்டையான வடிவம். திடப்பொருளில் இந்தத் தட்டுகள் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் உருகி நீராகாமல் நேரே ஆவியாகிப் போய்விடும், கற்பூரத்தைப்போல. பதங்கமாதல் என்று பள்ளியில் படித்தோம். உருண்டை ஆறு மாதத்தில் மிளகாகிக் காணாமல் போகும் ரகசியம் இதுதான். ஆவி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் கனம், ஆகவே கீழே இறங்கும். உருண்டையைப் பெட்டியின் அடியில் உருட்டிவிடுவது வீண், மேலே வைப்பதுதான் முறை.

ஆனால் யாரை விரட்ட? அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, முடி, இறகு போன்றவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தை. (வளர்ந்து பறக்கும் அந்து ஒன்றுமே தின்பதில்லை. கம்பளியை ஓட்டையாக்குவது அதன் குழந்தைகள்.) மண்ணிலும் கூழிலும் மரத்திலும் செய்த பொம்மையில் அதற்கு ஒரு கவளமும் கிடையாது. வராத திருடனுக்காக வருடம் முழுக்க விழித்திருக்கும் கூர்க்கா அந்த உருண்டை.

அத்தோடு போனால் பரவாயில்லை. நாப்தலீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் சேர்த்தது. அதைவிட நெருக்கமான ஆபத்து ஒன்று நம் வீட்டுப் பழக்கத்திலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்ற மாட்டோம். பெட்டியிலிருந்து மெத்தென்று பழகிய வேட்டியையோ நூல் புடவையையோ எடுத்துக் கிழிப்போம். அதில் அந்துருண்டை ஆவி ஊறியிருக்கும். சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. மலேரியா காலங்காலமாக இருந்த நாடுகளில், இந்தியாவிலும், இந்தக் குறைபாடு உண்டு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளுக்கே அதிகம். அப்படிப்பட்ட சிசுவை அந்துருண்டைத் துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். மருத்துவ நூல்களில் பதிவான விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலீன் உருண்டையை 2008இல் கடைகளிலிருந்தே நீக்கிவிட்டது. கம்பளிச் சால்வை வைக்கும் பெட்டிக்கு நியாயம் இருக்கலாம், என் கொலுப்பெட்டியில் அதை நிறுத்திவிட்டேன். வாசனைக்காக அம்மா துணியில் முடிந்து வசம்பு போடுகிறாள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்போடு கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு சேர்த்துப் பொட்டணம் கட்டி வைத்த பழக்கம் உண்டு. வசம்பில் இருக்கும் அசரோன் பூச்சிகளுக்கு ஆகாது. அதுவும் குழந்தைகளுக்கு எட்டாமல்தான் இருக்க வேண்டும், கைவைத்தியப் பொருள் என்பதால் சும்மா விட்டுவிட முடியாது.

தினசரித் தாளையும் விட்டுவிட்டேன். ஒரு வருடம் கிருஷ்ணனைப் பிரித்தபோது அவன் கெண்டைக்காலில் “ள்யேபப்ஸ்” என்பதுபோல ஏதோ தலைகீழ் எழுத்து. கண்ணாடியில் காட்டிப் பார்த்ததில் நகைக்கடை விளம்பரம். தினசரி அச்சடிக்கும் எண்ணெய் மை மற்ற மையைப்போலக் காய்ந்து இறுகுவதில்லை, தாளின் இழைகளுக்குள் ஊறித் தங்குகிறது. அழுத்திச் சுற்றி, கோடையில் சூடும் சேர்ந்தால் பொம்மைக்கு மாறிக்கொள்ளும். தாளே வேறு ரகம். மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் லிக்னின் உள்ளேயே இருக்கும். நாள்பட நாள்படத் தாள் மஞ்சளித்து, அமிலம் ஏறி, நொறுங்கும். தொட்டுக்கொண்டிருக்கும் பட்டுத்துணிக்கும் அந்த அமிலம் கொஞ்சம் போகும். பழைய செய்தி படிக்கும் சுகம் ஒன்றுக்காக வேண்டுமானால் பெட்டியின் வெளியில் சுற்றலாம்.

இனி சீரியல் பல்பு. ஒரு வருடம் நான் கையால் ஒழுங்காகச் சுருட்டித்தான் வைத்தேன். யாரும் தொடவில்லை. திறந்தால் தேங்காய் நார் உருண்டை. வீட்டில் என் சொல்லை யாரும் நம்பவில்லை. ஆனால் இயற்பியல் என் பக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் இருவரும் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றிப் பார்த்தார்கள். ஒருமுறை இருமுறை இல்லை, 3,415 முறை. 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி சில நொடிச் சுழற்சியிலேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. அரை மீட்டருக்கும் குட்டையான நூலில் முடிச்சு விழுவது அபூர்வம். ஒன்றரை மீட்டர் வரை வாய்ப்பு விறுவிறுவென்று ஏறி, பாதிக்குப் பாதி என்று நிற்கிறது. கணிதத்தில் பெயரும் எண்ணும் கொடுத்து வைத்திருக்கும் முடிச்சு வகைகளில் 120 அவர்கள் பெட்டியில் தானாக விழுந்தன. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுக்கான இக் நோபல் பரிசு மறு வருடம் அவர்களுக்குக் கிடைத்தது.

காரணம் எளிது. சுருண்டு கிடக்கும் கம்பியின் நுனி, பக்கத்தில் கிடக்கும் வளையங்களுக்கு மேலும் கீழும் புகுந்து வரும், ஜடை பின்னுவதுபோல. பெட்டியை லாஃப்டுக்கு ஏற்றும்போது நாலு குலுக்கல், இறக்கும்போது நாலு குலுக்கல், அது போதும். சிக்கலில்லாமல் கிடக்க வழி ஒன்றிரண்டுதான், சிக்கிக் கிடக்க ஆயிரம் வழி. நுனிக்கு அலைய இடம் கொடுக்காவிட்டால் பின்னல் நடக்காது. ஓர் அட்டையின் இரு பக்கமும் சின்ன வெட்டு போட்டு, கம்பியை அதில் சுற்றி, இரண்டு நுனிகளையும் வெட்டில் செருகிவிட்டேன். இந்த வருடம் பிளக்கில் மாட்டியதும் எரிந்தது. அட்டை, அம்மா சொன்னபடி, கல்யாணப் பத்திரிகையின் பின்னட்டை.

செட்டியாருக்கு இந்தத் தடவை மூட்டை கட்டும் நாளையே மாற்றினேன். விஜயதசமி ராத்திரி படுக்க வைத்தோம், சம்பிரதாயம் முடிந்தது. பிறகு எல்லாரையும் பெட்டியில் திணிக்காமல், கூடத்து அலமாரியில் பழைய துணியை மேலே போட்டு மூடி, மழைக்காலம் முழுக்க ஃபேன் காற்றில் வைத்திருந்தேன். வந்தவர்களெல்லாம் “இன்னும் எடுக்கலையா?” என்று கேட்டார்கள். அம்மாவால் பதில் சொல்லி மாளவில்லை.

பெட்டியில் கட்டியது சித்திரையில், மேற்கே இருந்து காய்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், கடற்காற்று ஏறுவதற்கு முன்னால். அந்த நேரத்தில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. பாட்டி வடாம் பிழிந்ததும், மாவடு போட மிளகாயைக் காயவைத்ததும், பட்டுப்புடவைகளைக் கொடியில் நிழலில் உதறிப்போட்டதும் இந்த நாட்களில்தான் என்று வேலை பாதி நடந்த பிறகு ஞாபகம் வந்தது. வெயிலில் போட்டால் சாயம் போகும் என்று நிழலில்தான் போடுவாள். பொம்மைகளையும் அப்படியே நிழலில் பரப்பினேன். செட்டியாரை மட்டும் கடைசியில் கட்டினேன். மூக்கைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “ஜலதோஷமா அவருக்கு?” என்றாள்.